ஒன்பதாம் இடத்தில் ஹமீதாக்கா

செய்தி வந்தபோது நான் இன்னும் கட்டாத ஒரு வீட்டின் மாடிப்படிக்குக் கணினியில் வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்தேன். "உம்மா வஃபாத்தாயிட்டாங்க" என்று ஹமீதாக்காவின் மகன் வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தான். முந்தின நாள்தான் என்னைப் போனில் திட்டியிருந்தார். என் கணினியின் விசிறிச் சத்தம் அவர் வீடுவரை கேட்கிறதாம், தூசி தட்டத் துப்பில்லையா என்று. மாரடைப்பில் இறந்துபோயிருந்தார். ஆட்டோ பிடித்து மேலப்பாளையத்துக்கு ஓடினேன். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சிப்புகளை அவற்றின் வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் நம் ஓவர்க்ளாக்கிங் குழுவில் உங்களில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. உங்களுக்கு அவர் ஒரு பெயர், அதற்குப் பக்கத்தில் சில எண்கள். எனக்கு அவர் பக்கத்து நாற்காலி. பாளையங்கோட்டையில், கட்டப்போகும் வீடுகளை முன்கூட்டியே படமாக்கிக் காட்டும் ஒரு சிறு ஸ்டுடியோவில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். கணவருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. மகனைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, புர்காவின் கைகளை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு வந்து உட்காருவார். உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்.

அவர் சேர்ந்த புதிதில் நான் என் கிராபிக்ஸ் கார்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வாட் மின்சாரத்துக்கு மேல் இழுக்காதே என்று கார்டைச் செய்தவர்கள் வைத்திருக்கும் வரம்பை, ஏற்ற முடிந்த மட்டும் ஏற்றிவைத்திருந்தேன். கார்டு அடுப்பாய்க் காய்ந்தது. சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஹமீதாக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏட்டி, நீ கூட்டிக் குடுக்கதெல்லாம் வேகமாவா போவுது? பாதி சூடால்லா போவுது. ஏத்துததுக்கு முன்னாடி இறக்கிப் பாரு. கொஞ்சமாக் குடுத்து எம்புட்டுச் செய்யுதுன்னு பாத்தாத்தான் அதோட சுபாவம் தெரியும்."

சொல்லிவிட்டு, சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை ஓட்டம்; ஆறும் பாலமுமாக ஓடும் ஒரு காட்சியைக் கார்டு எவ்வளவு வேகமாக வரைகிறது என்று பார்த்து மென்பொருள் ஓர் எண் தரும். எனக்கோ எரிச்சல். வேகம் கேட்டவளுக்குப் பத்தியம் வைக்கிறாரே என்றிருந்தது. மாலையில் அதே கார்டு முன்பைவிடக் குறைவான மின்சாரத்தில், குறைவான சூட்டில், முன்பைவிட வேகமாக ஓடியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவரோ டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. வெறும் காற்றால் மட்டும் குளிரவைத்து ஓட்டும் கார்டுகளுக்கு இணையத்தில் நாடு முழுமைக்குமான ஒரு தரவரிசைப் பட்டியல் உண்டு. தன்னிடம் இருந்த ரகக் கார்டில், அந்தப் பட்டியலின் முதல் வரியில் 'ஹமீதா, மேலப்பாளையம்' என்று வரவேண்டும். தம்மாமில் கணவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அவர்களும் வாரா வாரம் போனில் கேட்பார்கள். நம்மூர் வெயிலில் எங்கே குளிர்ந்த காற்றுக்குப் போவது? "மாஞ்சோலைக்குப் போவோம்" என்றவள் நான்தான். எங்களோடு வேலைபார்த்த முருகேசனின் அப்பாவும் அம்மாவும் அப்போது அங்கே தேயிலை எஸ்டேட்டில் இருந்தார்கள்.

ஒரு மார்கழியில் முருகேசனோடு கல்லிடைக்குறிச்சியிலிருந்து மலைப் பேருந்தில் ஏறினோம். ஹமீதாக்கா கணினியைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தார். சோதனைச் சாவடியில் வனக்காவலர் மூட்டையில் என்ன என்று கேட்டார். "வெக்கை தாங்காத பிள்ளைய்யா. மலைக்குக் கூட்டிட்டுப் போறோம்" என்றார் ஹமீதாக்கா. காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

குளிர் கிடைத்தது. கரண்ட்தான் காலை வாரியது. முருகேசனின் அப்பா அம்மா இருந்த எஸ்டேட் லைன் வீட்டில் மின்னழுத்தம் ரொம்பக் குறைவு. கார்டு வேகமெடுக்கும்போதெல்லாம் பல்பு மங்கும், கணினி அணைந்துவிடும். இவ்வளவு தூரம் சுமந்து வந்தது இதற்குத்தானா என்று நான் புலம்பினேன். ஹமீதாக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வரம்பை இறக்கினார், அழுத்தத்தை இறக்கினார், பல்பைப் பார்த்தார், மறுபடி இறக்கினார். ஜன்னல் வழியாக மஞ்சுமூட்டம் உள்ளே வந்தது. கடைசியில் பல்பு மங்கவில்லை. குறைத்துக் கொடுத்ததை வைத்துக்கொண்டே அந்தக் கார்டு அன்று பறந்தது. சோதனை முடிந்து திரையில் வந்த எண், பட்டியலில் முதலிடத்தில் இருந்தவரின் எண்ணைவிடப் பெரிது. நானும் முருகேசனும் குதித்தோம். அவர் எழுந்திருக்கவில்லை. வேகத்தை ஒரு படி குறைத்து இன்னொரு முறை ஓட்டினார். எண்ணும் குறைந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

மலையில் சிக்னல் இல்லை. இறங்கி, கல்லிடைக்குறிச்சி டீக்கடையில் முதல் எண்ணைப் பட்டியலுக்கு அனுப்பப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"ரெண்டாவது ஓட்டுனதைப் போடு. மொதல்ல ஓட்டுனதுல அந்தப் பாலத்துக்கு அடியில தண்ணி வருதுல்லா, அங்கன ஒரு பச்சைப் புள்ளி மின்னுச்சு."

"நான் பாக்கலையே."

"நான் பாத்தேன்."

அப்படிப் புள்ளி மின்னினால் சிப் ஏதோ ஓரிடத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் சோதனை மென்பொருள் அதைப் பிடிக்கவில்லை. நாங்கள் பிடிக்கவில்லை. உலகத்தில் யாருமே பிடிக்கப்போவதில்லை. "மிசினே ஒத்துக்கிட்டுல்லா, ஒங்களுக்கு என்னக்கா?" என்றான் முருகேசன்.

"அதோட வரம்பு அதுக்கு முன்னாடியே முடிஞ்சிட்டு. முடிஞ்சதுக்கு அப்புறம் ஓடுனது என் பேர்ல வேண்டாம்பா."

"தம்மாம்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன். அவர் கண் கலங்கியது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. இரண்டாவது எண்ணை அனுப்பினோம். ஒன்பதாம் இடம். அடுத்த மார்கழியில் மறுபடி போகலாம் என்று பேசிக்கொண்டோம். அதற்குள் கம்பெனி எஸ்டேட்டை மூடி, இருந்தவர்களைக் காலி செய்ய வைத்துவிட்டது. முருகேசனின் அப்பாவும் அம்மாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டார்கள். ஒரு புள்ளிக்காக இப்படி விட்டுவிட்டாரே என்ற ஆதங்கம் எனக்குப் போகவேயில்லை, போன வாரம் வரை.

அவர் கணவரால் அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை. மூன்றாம் நாள் அவரைப் பார்க்கப் போனேன். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவராகத்தான் அந்தப் பேச்சை எடுத்தார்.

"மலைக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு போன்ல சொன்னா, தங்கச்சி. 'லிஸ்ட்டுல ஒம்பதுன்னு போட்டிருக்கும். நான் ஒண்ணாம் எடத்தைப் பாத்துட்டுத்தான் எறங்கி வந்தேன்'னு. ரூம்ல எல்லாத்துக்கும் அப்படியே சொன்னேன். ஒருத்தர் விடாம எழுந்து நின்னு கை தட்டுனாங்க. அந்தச் சத்தத்தைப் போன்லயே கேட்டா."

எனக்கு இது தெரியாது. டீக்கடையில் நான் கேட்ட கேள்விக்கு அன்று இரவே அவருக்குப் பதில் கிடைத்திருக்கிறது. எங்களிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதிது புதிதாக ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இனி அவர் பெயர் பட்டியலில் மெல்லக் கீழே இறங்கும், ஒருநாள் அடுத்த பக்கத்துக்கும் போய்விடும். போகட்டும். இன்று காலைவரை ஒன்பதாவது வரியில்தான் இருக்கிறது: ஹமீதா, மேலப்பாளையம். ஹமீதாக்காவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். அந்த எண்ணில் தப்பான கணக்கு ஒன்றுகூட இல்லை.