நாடு கேட்ட சடையன்

விடுதி வார்டன் உத்தியோகம் என்பது, பெறாமலே நாற்பது பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, தினமும் காலையில் நாற்பது உம்மணாமூஞ்சிகளில் விழிப்பது. இந்தக் கஷ்டத்தைப் பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், "ஐயோ பாவம், நம்ம ஆள்" என்று ஒரு பெருமூச்சாவது விடுங்கள்.

யுத்தகாலம் அது. கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்கல்லூரி. பலகையில்தான் கல்லூரி, உள்ளே இருந்தது ஒரு தச்சுப் பட்டறை, ஒரு கொல்லுப் பட்டறை. மாணவர்கள் மீசை முளைத்தவர்கள், பாதிப்பேர் கல்யாணமானவர்கள். நான் சேலத்தில் மனைவியையும் ஆறு மாதக் குழந்தையையும் விட்டுவிட்டு மலையேறியவன். பஸ்ஸா, ரோடா? நடைதான். எனக்குப் பதில் ஆள் கிடைக்காததால் வருஷம் ஒன்றாகியும் லீவு கிடைக்கவில்லை.

தினமும் நோம்பி

முதல் மாதம் பையன்கள் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார்கள். கேட்டால் வயிற்றுவலி என்பார்கள். கம்பவுண்டர் கொடுத்த மிக்ஸ்சரை நாற்பது பேருக்கும் ஊற்றினேன். அதைக் குடித்தார்கள், சோற்றைத்தான் தொடவில்லை. அரிசி கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில், கல்லூரியின் கௌரவத்துக்காக எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்த அரிசி ஐயா அது! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வளப்பூர் நாட்டிலிருந்து வந்திருந்த சடையனைப் பிடித்து உலுக்கினேன். தச்சில் கெட்டிக்காரன், வாயைத் திறந்தால் பொய் வராது. அவர்கள் ஊரில் தினமும் சாமைச்சோறும் ராகிக்களியும்தான், நெல்லுச்சோறு நோம்பிக்கு, அதாவது பண்டிகைக்கு மட்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்:

"தெனமும் நோம்பியாவே இருந்தா, ஊட்டு நெனப்பு வராம என்னுங்க பண்ணும்?"

ப்ளானில் ஒருத்தி

மறுநாளே களிக்கு மாறினோம். வயிற்றுவலி போயிற்று, ஏக்கம் போகவில்லை. படம் வரையும் வகுப்பில் ஒரு வீட்டுக்கு ப்ளான் போடச் சொன்னேன். (வரையும் வாத்தியாரும் நான்தான். மலை மேல் ஒரு சம்பளத்துக்கு மூன்று வேலை.)

சடையன் அங்குலக் கணக்குத் தப்பாமல் சுவர், கதவு, அடுப்பு எல்லாம் போட்டிருந்தான். நடு அறையில் மட்டும் குச்சிக்கையும் குச்சிக்காலுமாக ஓர் உருவம். யாரடா இது என்றேன். பெண்டாட்டி பொன்னாயியாம். ப்ளானில் ஆள் வரக்கூடாது, அழி என்று ரப்பரை நீட்டினேன். வாங்கவே மாட்டேன் என்றுவிட்டான்.

"அவள அழிச்சுட்டா அது ஊடு இல்லீங்க சாமி, வெறுங் கொட்டாயிங்க."

விடுதலை வேண்டும்

மழை முடிகிற சமயத்தில் வளப்பூர் நாட்டில் காய்ச்சல் பரவியது. பொன்னாயி படுத்துவிட்டாள் என்று மிளகு சுமந்து வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு நாதியில்லை. நான் அன்று சாமை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தேன். சடையன் தனக்குத் தெரிந்த எழுத்தில் கல்லூரிச் சூப்பரின்டெண்டுக்கு ஒரு கடிதம் எழுதி மேஜையில் வைத்துவிட்டு நடையைக் கட்டிவிட்டான்.

திரும்பி வந்தால் சூப்பரின்டெண்டு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "எனக்கு என் நாடு வேணும். உடனே விடுதலை தரவும். தராவிட்டாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்." போச்சுடா! கீழே ஊரெல்லாம் மறியலும் கைதுமாக இருந்த நேரம். சடையன் பெயரைக் கல்லூரிப் பதிவேட்டில் அடித்தாகிவிட்டது. போலீசுக்குக் காகிதம் தயாராகிக்கொண்டிருந்தது. நான் பதறிப்போய், இந்த மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்தால் அதற்குப் பெயர் நாடு, மணி அடித்துப் பள்ளிக்கூடம் விட்டால் அதற்குப் பெயர் விடுதலை, அவன் கேட்டது வெறும் லீவு என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் நம்பவில்லை. சமையல்கார அம்மாளைக் கூப்பிட்டு, உன் நாடு எது என்றார். "தேவனூர் நாடுங்க" என்றாள் அவள். சரி, வெள்ளைக்காரர்கள் எந்த நாடு, தெரியுமா என்றார். அவள் கரண்டியும் கையுமாக யோசித்தாள்.

"அவிய எந்த மலைக்காரருங்க? நம்ம பக்கம் பொண்ணு குடுத்து எடுக்கறதில்லீங்களே."

கிளைப் பட்டறை

சூப்பரின்டெண்டு போலீஸ் காகிதத்தைக் கிழித்துப் போட்டு, சடையன் பெயரை மறுபடி எழுதிக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். பயந்த மனிதர், அவ்வளவுதான். மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரையை அவரே பொட்டலம் கட்டி, என்னிடம் கொடுத்து வளப்பூர் நாட்டுக்கு அனுப்பினார். போய்ப் பார்த்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல். பொன்னாயி கிழிந்த நாராய்க் கிடந்தாள். அடுத்த வாரம் பரீட்சை. அதைத் தவறவிட்டால் ஒரு வருஷப் படிப்பும் பாழ். சடையன் அவளை விட்டு நகரமாட்டான். பரீட்சையோ கல்லூரிப் பட்டறைக்குள்தான் நடக்கவேண்டும் என்பது சட்டம்.

சட்டத்தைச் சூப்பரின்டெண்டு மூன்று தரம் படித்தார். பிறகு ஓர் உத்தரவு எழுதினார்: சடையன் வீட்டு வாசல் இன்று முதல் கல்லூரியின் கிளைப் பட்டறை. நான்கு மாணவர்கள் தச்சு மேஜையைத் தலையில் சுமந்துகொண்டு ஓடினார்கள். பரீட்சை நடத்த டோலியில் வந்த இன்ஸ்பெக்டரை நேரே அங்கேயே இறக்கினோம். அவர் கண்ணெதிரே சடையன் ஒரு நாற்காலி செய்தான். ஆணி கிடையாது, எல்லாம் பொருத்துத்தான். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே முனகல். யார் அது என்றார். பட்டறை இல்லை, குடியிருக்கும் வீடு என்று தெரிந்தால் பரீட்சை செல்லாது. பொய்யே சொல்லியறியாத சூப்பரின்டெண்டு, "எங்கள் மேஸ்திரி, உடம்பு சரியில்லை" என்று ஒரு போடு போட்டார். சடையனுக்குப் பொறுக்குமா?

"மேஸ்திரி இல்லீங்க, என்ற பொண்டாட்டிங்க. ஆனா இந்த ஊட்டுக்கு மேஸ்திரி அவதானுங்க."

தேடுது

இன்ஸ்பெக்டர் சூப்பரின்டெண்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பேனாவைத் திறந்து 'பாஸ்' என்று எழுதிவிட்டு, டோலியில் ஏறிக்கொண்டார்.

மாத்திரை தீர்கிறவரை ஒரு வாரம் நான் அங்கே போகவர இருந்தேன். கடைசி நாள் பொன்னாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். சடையன் கீழே உட்கார்ந்து அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை. பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் குழந்தைகுட்டி உண்டா என்று அவள் கேட்டாள். பெண் குழந்தை, ஒன்றரை வயசு என்றேன். "உங்களைத் தேடாதுங்களா?" என்றாள். முகம் தெரிந்தால்தானே அம்மா தேடும், என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்பறம் இங்க என்னத்துக்குங்க உக்காந்திருக்கறீங்க? எந்திரிச்சுப் போங்க சாமி!"

ஊரார் அத்தனை பேரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதற்காகத் தன் வீட்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பவனுக்குச் சர்க்கார் வைத்திருக்கும் பெயர்தான் வார்டன்.