ராஜகுமாரியின் நீதிபதி டெல்லிக்குப் போன கதை

பழனிக்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாகப் போகப்போகிறார் என்ற செய்தி மலையேறி வந்த அன்று, வில்பட்டியில் அதற்காகக் கவலைப்பட்ட ஒரே ஆள் ராஜகுமாரிதான்.

செய்தியைச் சொன்னவர் அவளுடைய வக்கீல் சுவாமிநாதன். அவரும் பழனிக்காரர். மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடுகிறவர். போனில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பேசினார்.

“நம்ம ஜட்ஜு பேரைச் சொல்லிட்டாங்கம்மா! டெல்லிக்குப் போறாரு. எங்க ஊர்க்காரரு!”

“ரொம்பச் சந்தோசம் சார். அப்ப நம்ம தீர்ப்பு?”

வக்கீல் தொண்டையைச் செருமினார்.

ராஜகுமாரி பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். விவரம் தெரிகிற வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவள். கொடைக்கானல் மலையில் கூலி வேலை பார்த்து, வில்பட்டிச் சோலைமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டு, இரண்டு பேருமாகப் பாடுபட்டு ஒரு சரிவில் நிலம் வாங்கினார்கள். அதில் மலைப்பூண்டு போட்டார்கள். நிலத்துக்குப் போக ஒரு குதிரைப் பாதை இருந்தது. மூட்டையை ஏற்றிக் குதிரையை விட்டால் அதுவாகவே ரோட்டுக்கு வந்து நிற்கும். மேல்பக்கத்து நிலத்தை ஒருவர் வாங்கி ரிசார்ட் கட்டினார். பாதையின் குறுக்கே கேட்டும் போட்டுப் பூட்டிவிட்டார்.

அன்றிலிருந்து ஓடை வழியாகச் சுற்றித்தான் போக்குவரத்து. ஒரு மழைக்காலத்தில் குதிரை அங்கே சறுக்கி விழுந்து கால் ஒடிந்தது. பாதையைத் திறந்துவிடச் சொல்லி வழக்குப் போட்டார்கள். முதல் கோர்ட்டில் ராஜகுமாரி ஜெயித்தாள். அடுத்த கோர்ட்டில் தோற்றாள். மூன்றாவதாக மதுரைக்குப் போனாள். அங்கேதான் இந்தப் பழனிக்கார நீதிபதி இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தீர்ப்பைத் தேதி சொல்லாமல் ஒத்திவைத்திருந்தார். அவர் கேட்ட கேள்விகளை வைத்து, நமக்கு நல்லது நடக்கும் என்று ராஜகுமாரிக்கு ஒரு நம்பிக்கை.

“தீர்ப்புச் சொல்லாம அவரு போயிட்டார்னா,” என்றார் வக்கீல் மெதுவாக, “கேஸு வேற ஜட்ஜுகிட்டப் போகும்மா. மறுபடி முதல்லேருந்து பேசணும்.”

“எப்பப் போவாரு?”

“அது அந்தப் பழனியாண்டவருக்குத்தான் தெரியும். அங்க தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிங்க நாலு பேரும் கூடிப் பேரைச் சொல்லிட்டாங்க. இனி அது அரசாங்கத்துக்குப் போகணும். அவங்க பாத்து அனுப்பினா, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போடுவாங்க. ஒரு வாரத்துலயும் முடியும், மாசக்கணக்காவும் கெடக்கும். சிலதைத் திருப்பி அனுப்புறதும் உண்டு.”

மறுநாள் பூண்டு தரம் பிரிக்கும்போது இதைக் காளியாயியிடம் சொன்னாள். காளியாயி பக்கத்து வீட்டுக்காரி. காலையில் டவுனுக்குப் போய் அரசாங்க விருந்தினர் மாளிகையில் கூட்டிப் பெருக்குகிறவள்.

“ஜட்ஜை ஜட்ஜுகளே பொறுக்குறாகளாக்கும்? நம்மள ஒரு வார்த்தை கேக்கமாட்டாகளா?”

“எங்க தோட்டத்துலயும் அப்படித்தான்க்கா. யாரு அடுத்த கங்காணின்னு பெரிய கங்காணிமாரே பேசி முடிப்பாங்களாம். தொரை கையெழுத்துப் போடுவாராம். எங்கப்பா சொல்லுவாரு.”

“தொரை மாட்டேன்னா?”

“மாட்டேன்னு சொல்லமாட்டாராம். பேசாம இருந்துருவாராம்.”

“அப்ப இந்தத் தொரையும் பேசாம இருக்கட்டும்னு வேண்டிக்க.”

ராஜகுமாரி உண்மையிலேயே வேண்டிக்கொண்டாள். பூம்பாறை முருகனிடம் போய், அவருக்குப் பதவி வேண்டாம் என்று கேட்க மனம் வரவில்லை. ‘கொஞ்சம் தாமதமா வரட்டும் சாமி, அவரு நல்லவரு’ என்று மட்டும் கேட்டாள். கீழே பழனியில் வக்கீல் சுவாமிநாதன், உத்தரவு வெரசாக வர வேண்டும் என்று அதே முருகனுக்குப் பாலபிஷேகத்துக்குச் சீட்டு வாங்கியிருந்தார். முருகன் பாடு திண்டாட்டம்தான்.

மே மாதம் கோர்ட்டுக்கு விடுமுறை. ஒரு சாயங்காலம் காளியாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

“ஏ ராசகுமாரி! ஒன் ஜட்ஜு எங்க பங்களாவுல வந்து தங்கியிருக்காரு. குடும்பத்தோட. நான்தான் ரூமு கூட்டுனேன்.”

சோலைமுத்து சட்டென்று எழுந்தான். “நல்ல பூண்டா ஒரு பை போட்டுக் குடு. அக்கா கொண்டுபோய் வைக்கட்டும். யாரு குடுத்ததுன்னு கேப்பாருல்ல? பேரைச் சொன்னா ஞாபகம் வந்துரும்.”

“லஞ்சமா குடுக்கச் சொல்றீங்க?”

“பூண்டு எப்படிடீ லஞ்சமாகும்? நம்ம மலைக்கு வந்த மனுசருக்கு ஒரு மரியாதை.”

ராஜகுமாரி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அடுப்புக்கு மேலே பரணில் புகை காட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டை இறக்கினாள். விதைக்கென்று ஒதுக்கியது அது. பல் பெரிதாக, தோல் இளஞ்சிவப்பு ஓடிய பூண்டாகப் பார்த்துப் பையில் போட்டாள். ‘எங்க தீர்ப்பை மட்டும் சொல்லிட்டுப் போங்க சாமி’ என்று காளியாயியிடம் எப்படிச் சொல்லியனுப்புவது என்றும் மனசுக்குள் கோத்துப் பார்த்தாள். பையின் வாயைக் கட்டும்போது கை நின்றது.

வடுகபட்டியில் அவர்கள் பூண்டு விற்கும் கமிஷன் கடையில் ஆண்டிச்சாமி என்பவர் ஏலம் கூறுவார். ஏலம் முடிகிற வரைக்கும் விவசாயி கையால் வெற்றிலைகூட வாங்கமாட்டார். விவரம் தெரியாமல் ஒருவர் ஒருநாள் அவர் கையில் இரண்டு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டார். ஆண்டிச்சாமி கோபப்படவில்லை. பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இவர் மூட்டைய நான் கூறமாட்டேன். வேற ஆளு வந்து கூறட்டும்” என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த மூட்டை கடைசி வரை கிடந்தது.

“ஏங்க,” என்றாள் ராஜகுமாரி, “இதை அவரு தொட்டாருன்னா நம்ம கேஸை அவரு கூறமாட்டாரு.”

“என்னத்தக் கூறமாட்டாரு?”

“தீர்ப்பைத்தான். நல்ல மனுசரா இருந்தா, ஒதுங்கிருவாரு. வாங்கி வச்சுக்கிட்டாருன்னா, அந்த ஆளு சொல்ற தீர்ப்பு எனக்கு எதுக்கு?”

சோலைமுத்து தலையில் அடித்துக்கொண்டான். காளியாயி, “இவ ஒருத்தி, வந்த லச்சுமிய வாசல்ல நிறுத்தி வயசு கேப்பா” என்று முனகிக்கொண்டே போனாள். நீதிபதி மூன்று நான்கு நாள் தங்கிவிட்டு இறங்கினார். அந்த நாட்களில் ராஜகுமாரி டவுன் பக்கமே போகவில்லை. போனால் கால் அங்கே இழுத்துவிடும் என்று அவளுக்கே பயம்.

கோர்ட்டு திறந்த சில நாட்களிலேயே டெல்லியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் நீதிபதி உட்கார்ந்து, எழுதி முடித்திருந்த தீர்ப்புகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். ராஜகுமாரி வெள்ளனே மதுரைக்குப் பஸ் ஏறி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் வரை பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அவள் பெயர் வரவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். நீதிபதி கைகூப்பிவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்ததும் வக்கீல் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எழுதி முடிக்க நேரம் பத்தல போலம்மா. என் வாயாலதான் வெரசா வரணும்னு வேண்டினேன்.”

“நீங்க ஊர்க்காரரு, வேண்டத்தான் செய்வீங்க” என்றாள். அழுகை வரும்போல இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

ஊரில் காளியாயி சும்மா விடவில்லை. “அன்னைக்கே பையைக் குடுத்திருந்தா?”

“குடுத்தும் வரலேன்னு ஆயிருக்கும். விதைப்பூண்டும் போயிருக்கும். போக்கா, சோலியைப் பாரு.”

வழக்கு ஒரு பெண் நீதிபதியிடம் போனது. வக்கீல் அதைச் சொன்னபோது ராஜகுமாரி கேட்ட முதல் கேள்வி: “இவங்க சின்னவங்களா சார்?”

“வயசா?”

“வயசு இல்ல. வரிசையில. இவங்களுக்கு முன்னாடி நெறைய பேரு நிக்கிறாங்களா, டெல்லிக்குப் போக?”

வக்கீல் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. “இப்பத்தாம்மா வந்திருக்காங்க. அவங்க முறை வர்றதுக்கு ரொம்ப வருசம் கெடக்கு.”

“மகராசியா ஒருநாள் போகட்டும். நம்மளை முடிச்சுட்டுப் போகட்டும்.”

மறுபடி முதலிலிருந்து பேசினார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பேசியதையே பேசினார். சுவாமிநாதனும் பேசியதையே பேசினார். பழைய வரைபடத்தில் அந்தப் பாதை புள்ளிக் கோடாக இருப்பதைக் காட்டினார். அந்த அம்மா தீர்ப்பை ஒத்திவைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அங்கேயே சுருக்கெழுத்தரைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார். ஆங்கிலம். ராஜகுமாரிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. வக்கீலின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி, ஆளும் குதிரையும் போகிற அகலத்துக்குக் கையால் அளந்து காட்டித் தலையாட்டினார்.

“ஜீப்பு போக முடியாதும்மா, அதைக் குடுக்கல” என்றார் வெளியே வந்து.

“நம்மகிட்ட ஜீப்பு இல்லையே சார்.”

கேட் திறக்க மறு வருசத்து ஆடி பிறந்துவிட்டது. ரிசார்ட்டுக் காவலாளி பூட்டைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றான். பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. உண்ணிச் செடியும் முள்ளும் இடுப்பளவு வளர்ந்து மூடியிருந்தன. சோலைமுத்து வாங்கியிருந்த புதுக் குதிரைக்கு இது பழகாத வழி. மூக்கை விடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. ராஜகுமாரி சேலையைத் தூக்கிச் செருகினாள். அரிவாளை எடுத்து, முன்னால் நின்ற முதல் செடியை வேரை ஒட்டி வெட்டினாள்.