அணியத்துப் பாரம்

என் தம்பி கொலின்ஸுக்குப் பிடிவாதம் பிறவிக்குணம். குருநகர்க் கரையில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள். "உவனோ? சொல்வழி கேளான்" என்பார்கள். கூடப்பிறந்த அக்கா நான் சொல்கிறேன், அதுவும் குறைத்துச் சொன்ன பேச்சுத்தான்.

அவனோடு கடல்தொழிலுக்குப் போன எமில்ராஜ் போன வருடம் பிரான்சுக்குப் போய்விட்டான். சின்ன வள்ளத்தில் தனி ஆள் பின்னால் எஞ்சினடியில் இருந்தால், முன்பக்கம், அதாவது அணியம், பாரமில்லாமல் மேலே கிளம்பிவிடும். எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. காற்றடித்தால் கவிழ்த்தும் விடும். கொலின்ஸ் நாலு இடத்தில் ஆள் கேட்டான். எல்லோருக்கும் பெரிய போட்டில் போகத்தான் விருப்பம். கடைசியில் ஒரு பிவிசி குழாயை அளவாக வெட்டி எஞ்சின் கைப்பிடியில் செருகிக்கொண்டான். குழாயின் மறுமுனையைப் பிடித்தபடி வள்ளத்தின் நடுவில் நின்றே ஓட்டலாம். முறுக்கினால் வேகமும் கூடும்.

"பாத்தியே அக்கா, இனி எனக்கு ஒருத்தனும் தேவையில்லை" என்று பல்லைக் காட்டினான்.

ஆள் விழுந்தால் எஞ்சின் தானாக நிற்பதற்குக் கையில் மாட்டும் சிவப்புக் கயிறு ஒன்று உண்டு. நடுவில் நின்றால் அது எட்டாது. மகாராசா அதை எஞ்சினிலேயே சுற்றிக் கட்டிவிட்டார்!

வைகாசியில் ஒருநாள் அலை தூக்கிப்போட, குழாய் கழன்று கையோடு வந்தது. ஆள் கடலில். எஞ்சின் நிற்கவில்லை. ஆளில்லாத வள்ளம் அவனையே சுற்றிச் சுற்றி வந்ததாம். ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்கடியில் சுழியோடித் தப்பியிருக்கிறான். பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த சிமியோன் அண்ணை கண்டதால் உயிர் மிஞ்சியது. குதிக்காலை எஞ்சின் விசிறி கிழித்திருந்தது.

காலில் கட்டோடு வந்தவனைப் பார்த்து அவன் மனைவி ஜெசிதா அழவில்லை. அவள் அச்சுவேலித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, கடலில் முழங்கால் நனைத்ததில்லை. நேரே போய்க் குழாயைத் துண்டு துண்டாக வெட்டி எறிந்தாள்.

"இஞ்சருங்கோ, இனித் தனியப் போகாதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"குழாய்க்கோ பஞ்சம்?" என்றான் அவன். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கன்னத்தில் ஒன்று போட்டிருப்பேன்.

கால் ஆறியதும் புதுக்குழாய் செருகி, கழன்றுவிடாமல் சைக்கிள் ரியூப்பால் இறுக்கிச் சுற்றினான்.

"எடேய், பட்டும் புத்தி வராதோ?"

"ஆள் வருகுதில்லை அக்கா. வீட்டிலை இருந்து என்னத்தைத் தின்னுறது?"



மறுநாள் விடியக் கரைக்குப் போனேன். ஜெசிதா பிள்ளையைக் கொண்டுவந்து என் இடுப்பில் ஏற்றினாள். "மச்சாள், இவளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றவள், நீளச் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, தட்டுத்தடுமாறி வள்ளத்தில் ஏறி, அணியத்தில் குந்திவிட்டாள்.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பொம்பிளை ஏறினால் மீன் படாது" என்றது ஒரு குரல்.

"உன்ரை வாயைப் பொத்து!" என்று கத்தினேன்.

கொலின்ஸின் முகம் கறுத்தது. "எடி, விசரே உனக்கு? நீந்தவும் தெரியாது. இறங்கு!"

"முன்னுக்குப் பாரம்தானே வேணும்? நான் இருக்கிறன்."

"விழுந்தியெண்டால்?"

"நான் விழுந்தால் நீங்கள் காண்பியள். நீங்கள் விழுந்தால் ஆர் காணுறது?"

ஊரையே எதிர்த்துக் கதைக்கிறவன் குழாயை உருவிக் கரையில் எறிந்துவிட்டு, பின்னால் எஞ்சினடியில் போய் இருந்தான்.

வள்ளம் கிளம்பியது. அணியத்தில் இருப்பவர்கள் கடலைப் பார்த்துத்தான் போவார்கள். அவளோ கடலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையாலும் விளிம்பை இறுகப் பிடித்தபடி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இடுப்பில் இருந்த பிள்ளை "அம்மா" என்று வீரிட்டாள். அவர்கள் திரும்பி வரும்வரை நான் அடுப்பு மூட்டவில்லை.