கேட்டைத் தாண்டிய மாதா

அத்திப்பட்டில் மீன்காரி அமலோற்பவத்தைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் மீன் தின்னாதவராகத்தான் இருக்க வேண்டும். விடிகாலையில் முகத்துவாரக்குப்பத்தில் கூடையைத் தலையில் ஏற்றினால், கடைசிக் கானாங்கெளுத்தியையும் தள்ளிவிட்டுத்தான் இறக்குவாள். புருஷன் போன பிறகு மூன்று பெண்களைக் கரையேற்றியது அந்தத் தலைதான். ஊரில் யாருக்கும் பயப்பட மாட்டாள். மாதாவுக்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவாள், அதுவும் மனசு வந்தால்தான்.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு குறை. அவள் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இந்த ஊர்ப் பங்கின் முதல் மாதா கோவிலே அங்கேதான் இருந்தது. அவள் மாமனாரும் நாலைந்து குடும்பங்களும் சேர்ந்து போட்ட ஓலைக் கொட்டகை. நிலக்கரி ரயிலுக்குத் தண்டவாளம் போட்டபோது அந்த இடம் போயிற்று. கல் கோவில் இந்தப் பக்கம் எழும்பியது. அப்புறம் கோபுரம், சாமியார் பங்களா, தனிப்பங்கு என்ற பெருமை, எல்லாமே இந்தப் பக்கம்தான். திருவிழாத் தேர் கேட்டுவரை வந்து திரும்பிவிடும். அந்தப் பக்கத்து ஜனங்கள் கம்பிக்குப் பின்னால் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். கொட்டகை போட்டவன் வாசலுக்கு மாதா வரமாட்டாளாம், இது எந்த ஊர் நியாயம்?

இதற்காக அமலோற்பவம் வருஷா வருஷம் சண்டை போட்டாள். விழாக் கமிட்டித் தலைவர் சவரிநாதனும் வருஷா வருஷம் அடுத்த தடவை பார்க்கலாம் என்பார். இந்த வருஷம் புதிதாக வந்த ஃபாதர் அவள் சொன்னதை ஒரே தடவைதான் கேட்டார். தானே ரயில்வே ஆபீசுக்கு அலைந்து, இரண்டு ரயில்களுக்கு நடுவே தேர் கடக்க அனுமதி வாங்கி வந்துவிட்டார்.

அந்தப் பக்கம் ஒரே அமர்க்களம். தெருவெல்லாம் சீரியல் பல்பு, வாசலெல்லாம் கோலம். அமலோற்பவம் அன்று கூடையையே தொடவில்லை.

கமிட்டிக்காரர்களுக்கும் குஷி தாங்கவில்லை. கேட்டைத் தாண்டப்போகிற தேர் சாதாரணமாக இருக்கலாமா என்று, அடுக்கு அடுக்காக உயர்த்தி, உச்சியில் கிரீடமும் வைத்துவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் மின்கம்பிக்குக் காவலாக, உயரமான வண்டிகளைத் தடுக்க ஓர் இரும்புக் குறுக்குக் கம்பி நிற்பது அத்தனை பேரில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அறிவென்றால் அதுதான் அறிவு!

சாயங்காலம் பேண்டு வாத்தியத்தோடு வந்த தேர் கம்பியில் முட்டி நின்றது. கிரீடத்தைக் கழற்றினார்கள், அப்போதும் நுழையவில்லை. அடுக்குகளைப் பிரிக்க உட்கார்ந்தால் அடுத்த ரயில் வந்துவிடும். மேலே கரண்டு போகிறது, உயிரோடு விளையாட முடியாது என்று கேட் கீப்பர் இசக்கிப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். சவரிநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தேரைத் திருப்பச் சொன்னார். வாத்தியம் நின்றுபோயிற்று.

அந்தப் பக்கத்திலிருந்து அமலோற்பவம் தண்டவாளத்தைக் கடந்து வந்தாள்.

"இன்னாண்ணே, தேரு போவலன்னா மாதாவும் போவக் கூடாதா? கீழ எறக்கு. நாங்க தூக்கினு போறோம்."

திருவிழாவில் பொம்பளைகள் மாதா சுரூபத்தைத் தூக்கிய வழக்கமே இல்லை என்று சவரிநாதன் இழுத்தார்.

"இத்தினி வருசமா மீனு தூக்குன ஒடம்புண்ணே இது. மாதா இன்னா அதவிட கனமாவா இருந்துடப் போறா?"

ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேரில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். இசக்கிப்பாண்டி தன் அறையிலிருந்த பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். சுரூபத்தை அதில் நிறுத்திக் கட்டியதும் அமலோற்பவத்தையும் சேர்த்து மீன்காரிகள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி அவளோடு மீன் விற்கும் சிவந்தி. அவள் கும்பிடுவது அம்மனை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

வெறுங்காலோடு ஜல்லிக் கல்லில் நடந்தார்கள். ஒரு தோள்கூடச் சாயவில்லை. "மரியே வாழ்க" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலாக எழும்பியது. பேண்டுக்காரர்கள் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். தெருமுனையில் இருந்த தன் வீட்டு வாசலில் மாதாவை இறக்கி வைத்த அமலோற்பவம் சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டு அழுதாள்.

கேட் மூடுவதற்குள் திரும்ப வேண்டுமே என்று சவரிநாதன் அவசரப்படுத்தினார். அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வந்தவள ஒடனே தொரத்துற பழக்கம் எங்க வூட்ல இல்லண்ணே. மாதா இன்னிக்கி இங்கதான் தங்குவா. நாளிக்கிப் பூசைக்கி நீங்கதான் இந்தாண்ட வரணும்."

ஃபாதர் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கி, அதையே அறிவித்தார்.

மறுநாள் காலையில் ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பங்கு ஜனம் மொத்தமும் கேட்டைத் தாண்டி வந்தது. அமலோற்பவம் வீட்டு வாசலில் திருவிழாப் பூசை நடந்தது. அந்தப் பக்கம் கோபுரத்தோடு கோவில் பூட்டிக் கிடந்தது.