மொட்டைவால் குரங்கும் இரண்டு புத்தகங்களும்

சாரல் காலத்தில் தென்காசியில் புத்தகங்கள் ஈரம் குடித்து வீங்கிவிடும். அட்டையைத் திறந்தால் பசையும் நனைந்த துணியும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அந்த வாசனையோடு இரண்டு புத்தகங்கள் எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்தன. இரண்டும் உயிர்களின் பரிணாமத்தைப் பற்றியவை. பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பலாம் என்பது புத்தகக் கடைக்காரரின் ஏற்பாடு. எதை வைத்துக்கொள்வது என்று வகுப்பே முடிவு செய்யட்டும் என்றார் அறிவியல் டீச்சர். இரண்டையும் மாற்றி மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வகுப்பில் பேசும் பொறுப்பை என்னிடமும் மீராளிடமும் கொடுத்தார்.

மீராள் துணி வியாபாரியின் மகள், வகுப்பில் என் பக்கத்து இடத்துக்காரி. அதிகம் பேசமாட்டாள். நான் அதற்கும் சேர்த்துப் பேசுவேன்.

ஒல்லியான புத்தகம் என்னைப் பார்த்ததுமே மயக்கிவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித் தழை தின்றது, கழுத்து நீண்டது, அதன் குட்டிக்கும் நீண்டது. நம் முன்னோர் வாலைப் பயன்படுத்தவில்லை, வால் தேய்ந்தது, பிள்ளைகளுக்கு இல்லாமலே போயிற்று. இவ்வளவுதான் விஷயம், இதில் குழம்ப என்ன இருக்கிறது என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். தடித்த புத்தகத்திலோ மொத்தமே மூன்று கோட்டுப்படங்கள். போதாக்குறைக்கு அதை எழுதியவர் நாலு பக்கத்துக்கு ஒருமுறை "இது இன்னும் தெளிவாகத் தெரியவில்லை" என்று வேறு கையை விரித்தார்.

"தெரியாத ஆளு எதுக்குட்டி புஸ்தகம் எழுதணும்?" என்று கேட்டேன்.

"தெரியலைங்கதையும் மறைக்காம சொல்லுதாருல்லா? அப்ப தெரியும்னு சொல்லுதத நம்பலாம்" என்றாள் மீராள்.

எனக்கு அது பெரிய நியாயமாகப் படவில்லை. என் கையில் வேறொரு சாட்சி இருந்தது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் என் அத்தை பழக்கடை வைத்திருந்தாள். அங்கே சுற்றும் குரங்குகளில் ஒன்றுக்கு, முந்திய ஆண்டு ஒரு கடையின் பலகைக் கதவில் மாட்டி, முக்கால் வால் போய்விட்டது. நாங்கள் அதை "மொட்டைவால்" என்போம். அது இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, சப்பணமிட்டு, மனுஷி மாதிரி பழத்தை உரித்துத் தின்னும். இதற்குப் பிறக்கும் குட்டிக்கு வால் குட்டையாகத்தான் இருக்கும், குரங்கு மனிதனாகும் வழி இதுதான் என்று வகுப்பில் அடித்துப் பேசினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அருவிக்கரையில் வாலில்லாத மனிதர்கள் எண்ணெய் வழிய நிற்பதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்க வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மீராள் வீட்டார் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தார்கள். அவளை அத்தை கடைக்கு அழைத்துப் போனேன். மலையிலிருந்து இறங்கிய கூட்டத்தோடு மொட்டைவாலும் வந்தது. அதன் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. அந்தக் குட்டியின் வால் தொங்கியது, நீளமாக, முழுசாக, மற்றக் குட்டிகளுக்கு இருப்பதைப் போலவே.

மீராள் என்னைக் கேலி செய்யவில்லை. குட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஆத்தா இழந்தது பிள்ளைக்குப் போகாது போலிருக்கே. பின்ன எதுதான் போவுது?" என்றாள்.

திரும்பி நடக்கும்போது ஒன்றைச் சொன்னாள். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். காலாண்டுப் பரீட்சையோடு படிப்பு நிற்கிறது. தடித்த புத்தகத்தில் ஒன்பது அத்தியாயம் முடித்திருந்தாள், இன்னும் மூன்று பாக்கி; அதற்குள் புத்தகம் டீச்சரிடம் போய்விட்டது. பள்ளி அதை வைத்துக்கொண்டால், எட்டாம் வகுப்பில் இருக்கும் அவள் தங்கை எடுத்துவந்து கொடுப்பாள். "நீ ஒரு வார்த்தை சொன்னா பிள்ளையெல்லாம் கேக்கும்" என்றாள். அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான்.

திங்கட்கிழமை மீராள் எழுந்து, பார்த்ததைப் பார்த்தபடி, மெல்லிய குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தோற்றுப்போவேன் என்ற நினைப்பே எனக்குத் தாங்கவில்லை. "ஒத்தைக் குரங்க வச்சு உலகத்தையே சொல்லீர முடியுமா?" என்று கேட்டேன். போன வாரம் அதே ஒற்றைக் குரங்கை வைத்துத்தான் நான் உலகத்தைச் சொல்லியிருந்தேன் என்பது ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. வகுப்பு சிரித்தது. டீச்சர் கை தூக்கச் சொன்னார். தடித்த புத்தகத்துக்கு ஐந்தாறு கைகள்தான் உயர்ந்தன. அவற்றில் என்னுடையது இல்லை. மறுநாள் அது பார்சலாகித் தபாலாபீசுக்குப் போயிற்று. காலாண்டுக்குப் பிறகு மீராளும் பள்ளிக்கு வரவில்லை, புனலூரில் வாழ்க்கைப்பட்டாள்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்தபோது நூலகத்தில் அதே தடித்த புத்தகத்தைப் பார்த்தேன். பத்தாவது அத்தியாயத்தைத் திறந்தால், எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டிப் பார்த்தும் குட்டிகள் முழு வாலோடுதான் பிறந்தன என்று இருந்தது. மீராள் நின்றுபோன இடத்துக்கு அடுத்த பக்கம்! எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்ச மூன்று அத்தியாயங்களையும் அங்கேயே உட்கார்ந்து படித்து முடித்தேன். ஆனாலும் அவளுக்கு ஒரு கடிதம் எழுதும் தைரியம் எனக்கு வரவில்லை.

இப்போது அத்தையும் இல்லை, அந்தப் பழக்கடையும் இல்லை. பள்ளியில் அறிவியல் அலமாரி நின்ற இடத்தில் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. படம் போட்ட என் புத்தகம் எந்தக் கரையானுக்குப் போயிற்றோ, அதைப் படித்து எத்தனை பேர் தப்பாகப் புரிந்துகொண்டார்களோ, யாருக்கும் தெரியாது. மீராள் மகன் வீட்டோடு தென்காசிக்கே திரும்பிவிட்டாள் என்று போன வருஷம் கேள்விப்பட்டு, ஒருவழியாகப் போய்ப் பார்த்தேன். காப்பி ஆறுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: கை தூக்காதது, எலிகள், பத்தாவது அத்தியாயம், நீ சொன்னதுதான் சரி என்பது. மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன்.

மீராள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தாள்.

"அது எனக்கு அந்தக் குட்டியப் பாத்தன்னைக்கே தெரியும்லா" என்றாள். "மிச்சம் ரெண்டு அத்தியாயம் இருக்கே, அதுல என்ன எழுதிருக்கு? அதச் சொல்லுட்டி."