வைவாவுக்கு வந்த அத்தை

உலகத்தில் எங்காவது குண்டு விழுந்தால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்குப் பானுப்ரியா அக்காவின் நினைவு வந்துவிடும். “தங்கம் ஏறுமா?” என்பார் ஒருவர். “துபாய் ஃபிளைட் போகுமா?” என்பார் இன்னொருவர். அக்கா சிரித்துக்கொண்டே, திருச்சிக்குப் போகும் சத்திரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்.

மணப்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்தபின், திருச்சிக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டே ஆராய்ச்சி செய்தார். ஒரு நாட்டில் மக்கள் சாகும்போது, அவர்களைக் காப்பாற்ற இன்னொரு நாட்டின் படை உள்ளே நுழையலாமா என்பதுதான் தலைப்பு. பஸ்ஸிலும் படிப்பார், கிரைண்டர் ஓடும்போதும் படிப்பார். டாக்டர் பட்டம் வந்தால் வேலை நிரந்தரமாக வழியிருந்தது. மிச்சமிருந்தது வைவா என்ற வாய்மொழித் தேர்வு மட்டும். வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் கேள்வி கேட்பார்; யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

வைவாவுக்கு வருபவர்களுக்கு மாணவர் வீட்டிலிருந்து சாப்பாடு போடுவது வழக்கம். அக்காவின் மாமியார் பவுனம்மாள் சாம்பார் சாதம், தயிர் சாதம், வடை எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

தேர்வாளர் பீமராவ் மெல்லிய குரலில் விடாமல் கேட்டார். “காப்பாத்தப் போற நாட்டுக்கும் சொந்த லாபம் இருக்கும்மா. அப்புறம் அதை எப்படி மனிதாபிமானம்னு சொல்றீங்க?”

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

பவுனம்மாள் எழுந்தார். “ஐயா, காலையிலேருந்து புள்ளை ஒரு வாய் சாப்பிடலைங்க. போதும், விடுங்க.”

அரங்கமே சிரித்தது. வழிகாட்டிப் பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அத்தை, உக்காருங்க” என்று அக்கா கெஞ்சினார்.

பீமராவ் மட்டும் சிரிக்காமல் அக்காவிடம் கேட்டார். “நீங்க கூப்பிட்டுத்தான் எழுந்து வந்தாங்களா?”

“இல்லைங்க சார்.”

“அப்ப இந்தத் தலையீடு சரியா, தப்பா? சொல்லுங்க.”

அக்கா மாமியாரைப் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு தெளிவு வந்தது.

“அத்தைக்கும் சொந்த லாபம் இருக்கு சார். சாப்பாடு ஆறுது, வேன்காரர் வேற கிளம்பணும்ங்கறார். ஆனா என் மேல அக்கறையும் நிஜம். நோக்கம் கலந்திருக்குங்கறதுக்காக உதவி பொய்யாயிடாது. உள்ள வந்தவங்க யாருக்கு நல்லது செய்யறாங்க, வேலை முடிஞ்சதும் வெளிய போறாங்களா, அதைத்தான் பாக்கணும். நான் ஆராய்ஞ்ச போர்கள்ல பலது அந்த ரெண்டாவது விஷயத்துலதான் தோத்துச்சு.” அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. நாடு நாடாக எடுத்து விளக்கினார்.

பீமராவ் பேனாவை மூடினார். “அம்மா, இப்ப நீங்க வெளிய போறீங்களா?”

“பாஸுன்னு சொல்லுங்க, போறேன்.”

பீமராவ் சொன்னார். பவுனம்மாள் உடனே வெளியே போய் இலை போட ஆரம்பித்தார்.

அக்காவுக்கு அடுத்த வருஷமே வேலை நிரந்தரமானது. இப்போது தெருவில் யாராவது போரைப் பற்றிக் கேட்டால், அக்கா வாயைத் திறப்பதற்குள் பவுனம்மாள் பதில் சொல்லிவிடுகிறார்.