மச்சான் வந்தால் எழும்பாத கணினிகள்

கணினியின் பொத்தானை அமுக்கியதும் மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொள்வார். கறுப்புத் திரையில் புள்ளிகள் ஊர்ந்து, கணினியை இயக்கும் லினக்ஸின் முதல் வரி விழுந்தால்தான் காற்று வெளியே வரும். தாமதமானால் முகம் தக்காளி ஆகிவிடும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் திரையைப் பார்ப்பதே இல்லை. இவர் கன்னத்தைப் பார்த்தே நிலவரம் தெரிந்துகொள்வார்கள்.

கணினிப் பயிற்சி நிலையம் மனைவியின் அண்ணனுடையது. அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் இவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுகிறார்கள். அங்கேயே தட்டச்சு சொல்லித்தரும் மனைவிக்கு மட்டும் இவர் “இங்க பாருங்க.”

ஹார்ட் டிஸ்க் இல்லாத பழைய கணினிகளை மலிவாக வாங்க வைத்தது மாப்பிள்ளைதான்.

“டிஸ்க்கே வேணாம் மச்சான். மூலையில ஒரே ஒரு சர்வர். மத்ததெல்லாம் கண்ண முழிச்சதும் ஒயர் வழியா ‘நான் யாரு, என் சோறு எங்க’ன்னு கேக்கும். சர்வர் ஒரு முகவரி குடுத்து, லினக்ஸையும் ஊட்டி விட்டுடும்.”

“ஊட்டுங்க, ஊட்டுங்க. விக்கிக்காம இருந்தா சரி.”

விக்கிக்கொள்ளத்தான் செய்தது. விடுமுறை நாளில் சோதித்தால் அத்தனையும் சமர்த்தாக எழும்பும். மச்சான் வந்து கண்ணாடி அறையில் உட்கார்ந்தால் ஒன்றுகூட அசையாது. “உங்க மூஞ்சியப் பாத்து பயப்படுதுங்க மச்சான்” என்று ஒருமுறை வாய் தவறிவிட்டது. அதன்பின் மச்சான் சொன்னது சுருக்கம்: “புது பேட்ச் பிள்ளைங்க வந்து உக்காரும்போது ஓடலேன்னா, இதெல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. நீங்க எங்கப்பா பெயிண்ட் கடைக்கு.”

பெயிண்ட் கடைக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே போய்ப் பார்த்தவர். ஒரு டப்பா விற்பதற்குள் நாலு தடவை மூடியைத் திறந்து சரிபார்த்து, மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட இடம் அது.

புது பேட்ச் வந்தது. காலையில் ஓடிய கணினிகள், மச்சான் வந்த பிறகு மறுபடி படுத்துக்கொண்டன. மாப்பிள்ளை திரையில் மூக்கு படக் குனிந்தார். கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறது. ஆனால் அது அவர் சர்வர் கொடுத்த முகவரி இல்லை.

“எவனோ முந்திக்கிறான். முதல்ல பதில் சொல்றவனை நம்பிடுதுங்க, அப்பாவிங்க!”

முட்டி போட்டு ஒயரைத் தடவிக்கொண்டே போனார். பெஞ்சுக்கடியில், பிள்ளைகளின் செருப்புகளைத் தாண்டி, கண்ணாடி அறைக்குள், மச்சானின் மேசைக்கடி வரைக்கும். அங்கே ஒரு வைஃபை பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. போனில் மேட்ச் பார்க்க மச்சான் வீட்டிலிருந்து கொண்டுவந்து, வந்ததும் போடுகிற பெட்டி. கேட்டவர்க்கெல்லாம் முகவரி வாரிக் கொடுக்கும். லினக்ஸ் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

“என்ன மாப்பிள்ளை, ஒளிஞ்சுக்க எடம் தேடுறீங்களா?” வேடிக்கை பார்க்க வகுப்பறைக்கு வந்து நின்ற மச்சான் அங்கிருந்தே குரல் கொடுத்தார். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மனைவி சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்து, எல்லாக் கணினிகளையும் அணைத்துப் போட்டார். மூச்சைப் பிடித்தார். வரிசையாக லினக்ஸ் எழும்பியது.

“அப்ப என்னதான் கோளாறு?” என்றார் மச்சான்.

அறையே இவர் வாயைப் பார்த்தது. மாப்பிள்ளை முட்டித் தூசியைத் தட்டினார்.

“ஒயர் லூசு மச்சான். நான்தான் சரியா சொருகல.”

“அதான பாத்தேன்! சின்ன விஷயத்துல கோட்டை விடுறதே உங்களுக்குப் பொழப்பு.” மச்சானுக்குத் தெம்பு வந்துவிட்டது. புது பேட்சுக்குக் கவனம் என்றால் என்ன என்று நீட்டி முழக்கத் தொடங்கினார்.

அவர் முழக்கும் நேரத்தில் மாப்பிள்ளை கண்ணாடி அறைக்குள் போனார். அந்தப் பெட்டியில் முகவரி கொடுக்கும் வேலையை மட்டும் நிறுத்தினார். சட்டை நுனியால் அதன் தூசியைத் துடைத்து, மச்சானின் போனுக்கு நன்றாக எட்டும்படி ஆன்டெனாக் கொம்பை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே திரும்பச் சொருகி வைத்தார்.